அம்மா அப்பாவைக் கொளுத்திய நாள்

திருச்சுழி போகும் டவுன் பஸ்ஸை நடுரோட்டில் நின்று மறித்தவன் என்ற பெருமை எங்கள் ஊரில் இன்றுவரை எனக்குத்தான் உண்டு. அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா எங்கள் அப்பாவைக் கொளுத்திவிட்டார், அதனால் மறித்தேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. பந்தல்குடி மாமா வீட்டுக் காதுகுத்துக்கு அப்பா வரவில்லை. அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினார். அப்பாவும் சளைக்காமல் தன் பங்குக்கு நிறுத்தினார். நடுவில் நான்தான் தபால்காரன். "உங்கப்பாகிட்ட சோறு வச்சிருக்குன்னு சொல்லு" என்பார் அம்மா, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமலே. "கொழம்புல உப்பு இல்லன்னு சொல்லு" என்பார் அப்பா. நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பி ஓர் எழுத்து விடாமல் ஒப்பிப்பேன். அந்த உத்தியோகம் எனக்குப் பிடித்திருந்தது.

பருத்தி போட வேண்டிய காட்டில் புல்லும், வெட்டிப்போட்ட கருவேல முள்ளும் காய்ந்து கிடந்தன. மழைக்கு முன்னால் கொளுத்தியாக வேண்டும். ஆனால் கிழக்கு வரப்பை ஒட்டி பெரியப்பாவின் கம்பந்தட்டைப் படப்பு நின்றது. அவர் ஆடுமாடுகளுக்கு அந்த வருஷத் தீவனமே அதுதான். அதனால் அப்பா முதல் நாளே காட்டைச் சுற்றி ஒரு புல் இல்லாமல் உழுது வைத்திருந்தார். வழக்கமாகத் துணைக்கு நிற்கும் சித்தப்பா அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டதால் அன்று அம்மா வர வேண்டியதாயிற்று. போகிற வழியில் என்னிடம் ஒரு தபால் தந்தார்: "முள்ளோட முள்ளா உங்கப்பாவயும் சேத்துக் கொளுத்தப் போறேன்னு சொல்லு."

அப்பா வெகுதூரம் முன்னால் போய்விட்டார். அந்த ஒரு தபாலை மட்டும் பட்டுவாடா செய்ய முடியவில்லை.

மேற்கிலிருந்து அடித்த மேல்காற்று கொஞ்சம் தணியும்வரை காத்திருந்து, அப்பா கிழக்கு ஓரத்தில் தீ வைத்தார். அது காற்றுக்கு எதிராக, சோம்பேறி மாடு மேய்வதுபோல் புல்லைத் தின்றுகொண்டு மெள்ள வந்தது. பின்னால் கரி விழுந்தது. புகை அப்பாவை மறைத்தது. மேற்கு ஓரத்தில் என் பக்கத்தில் நின்ற அம்மா அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சேலையை இழுத்துச் செருகி, கையிலிருந்த தட்டைக் கற்றையைப் பற்றவைத்து, அதைக்கொண்டு வரப்போரப் புல்லைத் தொட்டுக்கொண்டே நடந்தார். இந்தத் தீ மேயவில்லை, ஓடியது. காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, ஆளுயரம் எழும்பி, அப்பா இருந்த புகைக்குள் நேராகப் பாய்ந்தது.

எனக்கு அந்தத் தபால் ஞாபகம் வந்தது. டவுசரைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன்.

"எங்கம்மா எங்கப்பாவக் கொளுத்திட்டாக!"

பஸ் காலியானது. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். சந்தைக்குப் போன ஒருவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்தார். ஓர் அக்கா வெறுங்குடத்தோடு வந்தார். எல்லோருக்கும் முன்னால் நான், அப்பா செத்தால் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் லீவு தருவார்கள் என்று நினைத்துப் பார்த்து, அதற்கும் சேர்த்து அழுதுகொண்டே ஓடினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அம்மாவின் தீ, அப்பாவின் தீ விட்டுச்சென்ற கரியைத் தொட்டு, மேற்கொண்டு தின்ன எதுவும் இல்லாமல் அவிந்து கிடந்தது. படப்பில் ஒரு தட்டைகூடக் கருகவில்லை. அதன் பக்கத்தில் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, எரிஞ்ச ஆளு எங்கலே?" என்றார் கண்டக்டர்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "ஏங்க, இவன் என்னத்தச் சொல்லி இவுகளக் கூட்டியாந்திருக்கான்னு கேளுங்க!"

அப்பாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. "இந்தப் பக்கம் கரியாகுறதுக்கு முந்தி வச்சிருந்தா படப்பு போயிருக்கும்ணே. சரியான நேரத்துலதான் கொளுத்தியிருக்கா" என்றார் கண்டக்டரிடம். சேவல்காரரும் சிரித்தார். சேவல் மட்டும் கோபமாக இருந்தது.

நானும்தான். அம்மா அப்பாவிடம் நேரடியாகப் பேசிவிட்டார். என் உத்தியோகம் போயிற்று. அதைவிடப் பெரிய குறை ஒன்று இருந்தது. 'இப்போது வை' என்று அப்பா சொல்லி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அது என் வழியாகத்தானே போயிருக்க வேண்டும்? அந்தப் புகையில் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்திருக்காது. பின்னே அந்தத் தபாலை யார் கொண்டுபோய்க் கொடுத்தது? வீடு வந்து சேரும்வரை அந்த ஆள் மேல் எனக்கு ஆத்திரமாகவே இருந்தது.