கல்லுக்குச் சீட்டு இல்லை

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூண்டியில் நாங்கள் வெள்ளைப்பூண்டு போடுகிறவர்கள். காயவைத்த பூண்டை நிறுத்து வாங்க வியாபாரியின் ஆள் வரும் நாளில், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தராசுக்கு எதிரே வரிசையாக ஒரு கல்லை வைத்துவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். கல் இருந்தால் ஆள் நிற்பதாக அர்த்தம். முறை வரும்போது வந்து மூட்டையை இறக்கலாம். அடுத்தவர் கல்லை யாரும் நகர்த்தியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

என் அம்மாவின் ஓட்டு இந்தப் பழக்கத்தால் போயிற்று என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். பழக்கத்தால் போகவில்லை. என்னால் போயிற்று.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆசிரியர் பயிற்சி முடித்து, பூண்டியிலிருந்து ஐந்து மைல் தள்ளி ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அறுபத்திரண்டாம் வருடத் தேர்தலுக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. சுற்றியிருந்த மூன்று ஊருக்கும் அது ஒன்றுதான். வேறு ஆள் மலைக்கு வரச் சம்மதிக்காததால், பட்டியலில் பெயர் தேடிச் சொல்லும் வேலைக்கு என்னையே உட்காரவைத்தார்கள்.

அம்மா அதுவரை ஓட்டுப் போட்டதில்லை. முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்க வந்தவரிடம் தன் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு, "இந்த வீட்டுக்காரி" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவர் எழுதாமல் போய்விட்டார். அடுத்த தேர்தலின்போது அப்பா சாகக் கிடந்தார். இந்த முறை நானே கொடைக்கானலுக்குப் போய் அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சடித்த பட்டியல் வந்ததும் வாசித்துக் காட்டினேன். மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட ஊரில் அப்போது யாரும் உயிரோடு இல்லை.

தேர்தலன்று பூண்டிக்காரர்கள் வெள்ளனே கிளம்பி நடந்து வந்தார்கள். அவர்களுக்கு முன்பே வரிசை விளையாட்டுத் திடலைத் தாண்டிப் போயிருந்தது. வரிசை நகராததற்குக் காரணம் ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை, பட்டியல். அதில் பெயர்கள் வீட்டு எண்படி இருந்தன. வீட்டு எண் என்று ஒன்று இருப்பதே மலையில் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு ஆளுக்கும் நான் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஒரே பெயரில் நாலு பெண்கள் இருந்தால் புருஷன் பெயரைக் கேட்க வேண்டும்.

"உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டார் தலைமை அதிகாரி. அவர் கீழே சமவெளியிலிருந்து வந்தவர்.

"ஊருக்கே தெரியும்ங்க."

"எனக்குத் தெரியாதே."

"பின்னாடி எங் கொழுந்தன் நிக்கிறாருங்க, கேட்டுக்கோங்க. நான் சொன்னா அந்த மனுசனுக்கு ஆயுசு கொறையும்."

கொழுந்தன் பின்னாலிருந்து கத்தினார்: "அண்ணனுக்குக் கொறஞ்சாப் பரவால்ல மதினி, வெரசாச் சொல்லு! இங்க நின்னு நின்னு எனக்குல்ல கொறையுது!"

சாவடி முழுக்கச் சிரித்தது. வரிசை மட்டும் அப்படியே நின்றது.

நான் அதிகாரியிடம் சொன்னேன். பட்டியலின் இன்னொரு பிரதியோடு என்னை வெளியே விட்டால், நிற்பவர்களிடமே கேட்டு ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் பட்டியல் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவேன். உள்ளே வந்ததும் பெயர் தேட வேண்டியிருக்காது.

"விதிப் புத்தகத்துல அப்படி இருக்கா தம்பி?"

"இல்லீங்க சார்."

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். அது நல்ல யோசனை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. மாசி மாதத்தில் எங்கள் பக்கம் அப்படிப் பெய்வதில்லை. குளிரில் விறைத்துப்போன எங்கள் ஊர்க்காரர்கள் எதிரே இருந்த உருளைக்கிழங்குக் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். திடலில் அவர்கள் நின்ற இடத்தில் ஆளுக்கொரு கல் இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. கீழே இருந்து வந்த அதிகாரி இந்த ஒழுங்கைப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரு வார்த்தை, "கல்லு செல்லாது, ஆள் நிக்கணும்" என்று ஒரே ஒரு வார்த்தை, அப்போது சொல்லியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிய வேண்டும். அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி எண் போட்ட சீட்டுக் கொடுக்க வேண்டும். அதன்பின் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே ஓட்டு. புத்தகத்தில் இருந்தது இது.

"நீங்க போய்க் குடுங்க. உங்க ஊர்ச் சனம்தானே" என்று சீட்டுக்கட்டை என்னிடம் நீட்டினார் அதிகாரி. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாவடிக்குள் உட்கார்ந்திருந்த கட்சி ஏஜெண்டுகள் இருவரும் அவர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

கடைசியில் நின்றவர்கள் ஒரு லாரியில் வந்து இறங்கிய ஆட்கள். வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் கொடுத்தேன். அடுத்து கற்கள். தாண்டினேன். கொட்டகையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏலே, நம்ம கல்லு அந்தா, மொட்டப் பேரி மரத்துக்கு நேரா கெடக்கு பாரு. சீட்ட அதுக்கு அடியில வைய்யி, நனையாம."

"ஆள் வந்து நிக்கணும்மா" என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் அம்மாவைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினால் அது பாரபட்சம் என்று நினைத்தேன். படித்தவன் நேர்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். சீட்டுகளை எண்ணி முடித்து, மிச்சத்தை அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதன்பிறகுதான் கொட்டகையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. ஓடி வந்தார்கள்.

"ஏலே வாத்தியாரு, என்னலே இது? காலையிலருந்து நிக்கிறவனுக்கு இல்ல, இப்ப லாரியில வந்து எறங்குனவனுக்கு உண்டா?" என்று ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்தார்.

"கல்லுக்குச் சீட்டு இல்லீங்க" என்றேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது.

"பூண்டு வாங்க வர்ற யாவாரிகூட எங் கல்லுக்கு மரியாத குடுப்பான். நீ எங்க பய."

அம்மா முந்தானையைப் பிழிந்து தலையில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு நடந்தாள். சீட்டுக் கிடைத்த கடைசி ஆள் உள்ளே போய் வரும்போது இருட்டிவிட்டது. அதுவரை நான் பெயர் தேடிக்கொண்டிருந்தேன்.

பிறகு மேலே மனு எழுதினேன். பூண்டிக்குத் தனிச் சாவடி வேண்டும், பட்டியல் எண்ணை முன்கூட்டியே வீட்டுக்கு வீடு எழுதிக் கொடுக்க வேண்டும், பெண்களுக்குத் தனி மேஜை, நிற்க ஒரு கூரை, முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே விதியை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட சாவடியில் விதிகள் முறையாகப் பின்பற்றப்பட்டதாக அங்கே பணியாற்றியவர்களின் கையெழுத்திட்ட அறிக்கை உள்ளது என்று எழுதியிருந்தார்கள். அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் சரிபார்க்க ஆள் வந்திருக்கிறது. சாவடி அதே இடம்தான். அம்மா பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். மேட்டில் நின்று கூப்பிட்டேன். இந்த முறை நான் சாவடி வேலைக்குப் போகவில்லை, பக்கத்திலேயே நிற்கிறேன், குடை கொண்டு வருகிறேன் என்றெல்லாம் சொன்னேன்.

நிமிராமலே சொன்னாள்:

"போன தடவதான் வந்தேனேப்பா."

அவள் வந்தாள் என்பதற்கு எந்தக் காகிதத்திலும் அடையாளம் இல்லை.