சாம்பலெண்டு நம்பின தூள்

துறைமுகத்தில மூட்டை இறக்கின காலத்திலேயே என்ர மனுசனுக்கு மூச்சிழுப்பு வந்திட்டுது. இனித் தூசிக்குள்ள நிக்கவே கூடாது எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். அதாலதான் வீட்டுக்குப் பின்னால மிளகாய் வைச்சம். தோட்டம் தப்பினால் இவரும் தப்புவார் எண்டு நான் வேண்டாத தெய்வமில்லை.

எழுபதுகளின் கடைசியில, தெருவுக்கு அங்கால சுண்ணாம்புக்கல் அரைக்கிற ஆலையொண்டு வந்தது. முதல் கிழமையே அதின்ர தூள் படிஞ்சு மிளகாய் இலையெல்லாம் நரைச்சுப்போச்சு. கழுவுவமெண்டு இவர் வாளியைத் தூக்கினார். என்ர வாய் சும்மா கிடந்தால்தானே!

"பூச்சிக்கு விடியப்புறப் பனியோட அடுப்புச் சாம்பல் தூவுறனாங்கள்தானே. இது தானாவே வந்து விழுது. விடுங்கோ."

"ஓம் என்ன," எண்டு வாளியை வைச்சிட்டார். அண்டைக்கு அடுப்புச் சாம்பலைக் குப்பையில கொட்டினனான். என்ன கெட்டிக்காரி பாருங்கோ!

அடுப்புச் சாம்பல் ரெண்டு நாளில காத்தோட போயிடும். இது போகேல்லை. பனியில நனைஞ்சு, வெயிலில காய்ஞ்சு, தோசைக்கல்லில காய்ஞ்ச மா மாதிரி இறுகிப்போச்சு. நகத்தால சுரண்டினால் இலையும் சேர்ந்து கிழிஞ்சுது. குருத்து சுருண்டு, செடி குட்டையாவே நிண்டுது. பூத்த பூவெல்லாம் பிஞ்சாக முதலே கொட்டுண்டுது. பிறகு ரெண்டு பேருமாக் குடங்குடமா ஊத்திக் கழுவினம், பிந்திப்போச்சு. கிணத்தடியில இருந்து அழுதனான். இவர் ஒரு சொல் ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ஆலையில போய்க் கேட்டார். தோட்டத்தைப் பற்றி அவங்கள் ஒண்டும் கதைக்கேல்லையாம். வேலை வேணுமெண்டால் வரட்டாம்.

"உங்களுக்கு ஏலாது, போகவேண்டாம்," எண்டு காலைப் பிடிக்காத குறையாக் கேட்டனான்.

"அப்ப என்னத்தைச் சாப்பிடுறது?" எண்டார். அடுத்த நாளே ஆலையில சேர்ந்திட்டார்.

குசினிச் சுவர் மறைப்பில அஞ்சு செடி மட்டும் தப்பி நிண்டுது. வேலையால வாறவர், கண்ணிமைகூட வெள்ளையாக, வாசல் படலைக்கு வெளியிலேயே நிண்டு சட்டையைக் கழட்டித் தெருப்பக்கமா உதறுவார்.

"உள்ளுக்கு வாங்கோவன். ஏன் தெருவில நிண்டு உதறுறியள்?"

"செடியில பட்டிடும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அஞ்சு மிளகாய்ச் செடிக்கு இவ்வளவு பார்க்கிறியள். உங்கட நெஞ்சுக்கு?"

சிரிச்சார். சிரிப்பு இருமலாப் போச்சு. படலையைப் பிடிச்சுக்கொண்டு குனிஞ்சவர் நிமிரக் கனநேரம் எடுத்தது. நான் முதுகைத் தடவிவிட்டனான். என்ர கையெல்லாம் அந்தத் தூள்.