கடல்சாமந்தி இடம்பெயர்ந்த ஞாயிறு

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாலடி நீளத்துக்கு உப்புநீர் மீன்தொட்டி இருக்கிறது. நான் ஆசைப்பட்டு வாங்கியது. உள்ளே கொஞ்சம் பவளங்கள், இரண்டு ஆரஞ்சு நிற மீன்கள், அவை ஒண்டிக்கொள்ள ஒரு கடல்சாமந்தி. பெயரும் தோற்றமும் பூ மாதிரி இருந்தாலும் அது பிராணி. விரல் விரலாக நீட்டி இரை பிடிக்கும்.

வருகிறவர்கள் அழகு என்பார்கள். எங்கள் ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் தினமும் வற்றும். நல்ல தண்ணீர் ஊற்றாவிட்டால் உப்பு ஏறிவிடும். சூடு கூடினால் பவளங்கள் வெளுத்துப்போகும். மூன்று வருடமாக நான் எங்கும் ஓர் இரவு தங்கியதில்லை. அரைமணி பஸ் தூரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கையின் பிரசவத்துக்குக்கூடக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். சேலை கட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தால், கடல்சாமந்தி தன் பாறையை விட்டுக் கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தது, அலை எழுப்பும் மோட்டாரை நோக்கி. பிய்த்தெடுத்தால் அடிப்பாகம் கிழிந்துவிடும். மோட்டாரில் சிக்கினால் அரைபட்டுவிடும் என்று அதை நிறுத்தினேன். வெகுநேரம் நிறுத்திவைக்கவும் முடியாது, மற்ற உயிர்களுக்கு மூச்சு முட்டும்.

மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து படுத்திருந்த கணவரை எழுப்பினேன். “ஏங்க, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அது தள்ளிப் போயிருந்தா மட்டும் மோட்டாரைப் போடுங்க.”

“சரி, போயிட்டு வா.” கண்ணைத் திறக்கவில்லை.

கோயிலில் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு அவரிடமிருந்து போன். “தூக்கக் கலக்கத்துல போட்டுட்டேன். அது உள்ள மாட்டி அரைபட்டு, தண்ணி பூரா பால் மாதிரி கெடக்கு.”

வாசலிலேயே பிள்ளையைத் தங்கையிடம் நீட்டினேன்.

“இப்ப எங்கக்கா போற? போட்டோ எடுக்கணும், சாப்பாடு இருக்கு.”

“செத்த நேரத்துல வந்துருதேன்.”

“வரமாட்ட,” என்று சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

போகவில்லைதான். சாயங்காலம் வரை புதிதாக உப்புத் தண்ணீர் கலக்கி மாற்றினேன். கணவர் வாளி சுமந்தார். மீன்கள் பிழைத்தன, இரண்டு பவளங்கள் போயின. கடல்சாமந்தியின் கிழிந்த துணுக்குகளை வலையில் அள்ளும்போது மனதுக்குள் ‘அப்பாடா’ என்றது. எனக்கே திக்கென்றது. ஆனாலும் அன்றே முடிவெடுத்தேன்: மிச்சத்தை யாருக்காவது கொடுத்துவிட்டுத் தங்கை வீட்டில் நாலு நாள் இருப்பது. அவளிடமும் சொன்னேன். “வா, பாப்போம்,” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, பவளங்களைக் கேட்ட ஒருவருக்காகப் பாறையைத் தூக்கினேன். அடியில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கடல்சாமந்தியின் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. அதற்கென்று ஒரு வாய். சுற்றிலும் பொடிப்பொடியாக விரல்கள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னட்டி, இன்னொன்னும் செத்துருச்சா?” என்றார் கணவர்.

“இல்லங்க. உசுரோட இருக்கு.”

அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து முதுகில் தட்டிக்கொடுத்தார். பவளம் கேட்டவரை வரவேண்டாம் என்றேன். இறாலைப் பொடியாக நறுக்கி அதன் வாயருகே வைத்தேன். விரல்கள் மெல்ல மூடிக்கொண்டன.

கையைத் துடைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்து, நாலு நாள் தங்க முடியாது என்றேன்.

“சரிக்கா,” என்றாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.