மாடியில் பூத்த வெள்ளை

அந்தத் தெருவில் அவளை ஊசியக்கா என்றுதான் சொல்வார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. எவ்வளவு பருத்த கையாக இருந்தாலும், நான்கு பேர் குத்திப் பார்த்துத் தோற்ற கையாக இருந்தாலும், கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு முதல் குத்திலேயே நரம்பைப் பிடித்துவிடுவாள். ஊசியைக் கண்டால் மயங்குகிறவர்கள்கூட அவள் எந்நேரம் இருப்பாள் என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள். வெளியே இவ்வளவு நல்ல பெயர் வாங்கியவளை வீட்டுக்குள் ஒரே ஒரு பூ தோற்கடித்துக்கொண்டிருந்தது.

வீடு கீழும் மேலுமாக இரண்டு பாகம். கீழே அவள், அவள் கணவன், மாமனார். மேலே கொழுந்தனும் அவன் மனைவியும். வீட்டில் மருமகள்கள் இருவருக்கும் பெரியவள், சின்னவள் என்பதே பெயர். சின்னவள் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். வேலைவிட்டு வந்தால் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நினைத்தால் செய்வாள், மறந்தால் அதுவும் சரி.

மாமனாரின் சிநேகிதர் ஒருவர், பழைய வீட்டை இடிக்கும்போது தோட்டத்தில் தோண்டியெடுத்த அமரில்லிஸ் கிழங்குகளை ஒரு சாக்கில் போட்டு அனுப்பினார். பார்க்கப் பெரிய வெங்காயம் மாதிரி இருக்கும். இலையும் இல்லை, பூவும் இல்லை, எது என்ன நிறம் என்று அவருக்கே தெரியாது. அழுகியதைக் கழித்ததில் தேறியவை இரண்டு. மாமனார் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

பெரியவள் தன் கிழங்கைக் குழாயடிக்குப் பக்கத்தில் பெரிய தொட்டியில், கழுத்துவரை புதைத்து வைத்தாள். காலையும் மாலையும் தண்ணீர், மாதம் தவறாமல் எரு. இலைகள் வாள் வாளாக எழுந்தன. வருடம் முழுக்க இலைதான். சின்னவள் ஓட்டை வாளி ஒன்றில் கிழங்கின் பாதி வெளியே தெரிய ஏனோதானோவென்று நட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தாள். கோடையில் இலையெல்லாம் கருகி, செத்துப்போனது போலக் கிடந்தது. முதல் மழை விழுந்ததும் தடித்த தண்டு ஒன்று கிளம்பி, அதன் உச்சியில் நான்கு சிவப்புப் பூக்கள் திசைக்கொன்றாக விரிந்தன. அடுத்த வருடமும் அப்படியே.

பூத்தபோதெல்லாம் மாமனார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். சாப்பாடு கீழே, பாராட்டு மேலே. சின்னவளுக்குக் கைராசி என்று தெருவில் நாலு பேர் சொன்னதை அவரே வந்து பெரியவளிடம் ஒப்பித்தார். அவள் குழம்புக்கரண்டியை வைத்த வேகத்தில் மேடை அதிர்ந்தது. கணவன் சமாதானமாக, இலையும் அழகுதானே என்றான். அன்று இரவு அவன் தட்டில் வெறும் கீரைதான் விழுந்தது.

நாளாக ஆக, மாமனார் வேண்டுமென்றே நல்ல கிழங்கை மேலே கொடுத்துவிட்டார் என்று அவள் மனதில் ஊறிப்போனது. துணி காயப்போட மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓட்டை வாளியைப் பார்ப்பாள். பார்த்தாலே வயிறு எரியும்.

மூன்றாவது கோடையில் சின்னவள் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். மாடியில் கிழங்கு இலை கருகிக் கிடந்தது. பெரியவள் ஒரு மதியம் தன் கிழங்கைத் தோண்டி, பச்சை இலைகளைக் கத்திரிக்கோலால் ஒட்ட நறுக்கி, மேலே கொண்டுபோய் வாளியில் நட்டாள். வாளியில் இருந்ததைக் கீழே கொண்டுவந்து தன் தொட்டியில் புதைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்ணாடியில் பார்த்தபோது முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. அதுவே அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

தொட்டியில் புதிதாக இலை வந்தது. இலையின் அடிப்பகுதியில் லேசாகச் செம்மை ஓடியது. அந்தச் சமயத்தில்தான் வீட்டுத்தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், அமரில்லிஸைப் பூக்கும் முன்பே எப்படி இனம் காண்பது என்று யாரோ எழுதினார்கள். இலையடியும் தண்டும் செம்மை தட்டினால் பெரும்பாலும் சிவப்போ ஆரஞ்சோ பூக்கும். துளிச் சிவப்பும் இல்லாமல் சுத்தப் பச்சையாக இருந்தால் வெள்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் வெயிலில் வெள்ளை நிலைப்பது அபூர்வம், கிடைத்தால் விடாதீர்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

பெரியவள் அதை மறுபடி படித்தாள். மூன்று வருடம் தினமும் ஈரத்துணியால் துடைத்த இலைகள். அவற்றின் அடி எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சை, வெறும் பச்சை. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவள் தொட்டி மண்ணையே வாரிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணிக்கூடையோடு மாடிக்கு ஏறினாள். வாளியில் தண்டு முழ உயரத்துக்கு எழுந்திருந்தது. நுனியில் கூம்பிய மொட்டு. அடியிலிருந்து நுனிவரை தேடிப் பார்த்தாலும் சிவப்பில்லை. கூடையை இறக்கிவைத்துக் குனிந்தாள். தண்டு உள்ளே குழல்தான், இரண்டு விரல் போதும். காற்றில் ஒடிந்தது என்றால் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றியது. விரல்கள் தண்டின்மேல் போய் நின்றன.

"கிள்ளிடாதீங்க, அக்கா."

சின்னவள் மாடிக்கதவருகில், தலையில் துண்டு சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"பூச்சி இருக்கான்னு பார்த்தேன்."

"பூச்சியெல்லாம் இல்ல, நான் தினம் பார்க்கறேன்." அவள் வந்து வாளிக்கு மறுபுறம் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை. "இது என் கிழங்கு இல்லன்னு அம்மா வீட்டுலேர்ந்து வந்த அன்னிக்கே தெரியும். என்னுது தானா கருகிக் கிடந்துச்சு. இது கத்திரிக்கோலால நறுக்கினது. நேர்கோடு போட்ட மாதிரி."

பெரியவளுக்குக் காது சுட்டது. "தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன ஆகும்? தெரியாம மாறிடுச்சும்மான்னு சொல்லுவீங்க. வீடே உங்க பக்கம் நிக்கும், நான்தான் பொல்லாதவ." துண்டின் நுனியை முறுக்கினாள். "தெருவே உங்களைத் தேடித்தான் வருது. மாமாவுக்கு உங்க கை சாப்பாடுதான் இறங்கும். மேல ஏறி என்னைப் பார்க்க ஒருத்தர் வர்றாங்கன்னா அது இந்தப் பூவுக்காகத்தான். அதையும் உங்களால பொறுத்துக்க முடியல."

பெரியவள் கூடையிலிருந்த ஈரத்துணிகளைப் பார்த்தாள். தன்னைப் பார்த்து இவளுக்கும் எரியும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பிறகு, சொல்லவே கூடாது என்று நினைத்ததைச் சொன்னாள். "மாத்திக்கலாமா? உன்னுது உனக்கு, என்னுது எனக்கு."

"மாட்டேன்," என்றாள் சின்னவள்.

வெள்ளை பூத்தது. கீழே பெரியவளின் தொட்டியில் அந்த வருடமும் இலைதான். நடுவில் இளம்பச்சை, மற்றபடி பால் வெள்ளை. குழுவிலிருந்து ஆட்கள் தேடி வந்து படம் பிடித்தார்கள். மாமனாரின் நாற்காலி மாடியை விட்டு இறங்கவேயில்லை. பார்க்க வந்தவர்களில் ஒருத்தி, உங்க ஓரகத்திக்கு எங்கிருந்து கிடைத்தது என்று பெரியவளிடமே கேட்டாள். அவளுக்கு ராசி, கிடைத்தது என்று மட்டும் பெரியவள் சொன்னாள். சின்னவள் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த கோடையில் பெரியவள் தன் தொட்டிக்குத் தண்ணீரை நிறுத்தினாள். சின்னவளின் வாளியில் இருந்தது போலவே கிழங்கின் பாதி தெரிய மேலே தூக்கி நட்டாள். குழாயடியிலிருந்து நகர்த்தி வெயிலில் வைத்தாள். தாகத்தில் வாடும் செடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது. மழைக்குச் சிவப்பு பூத்தது. மாமனார் எட்டிப் பார்த்து, சிவப்புதானே என்றார். அவர் தட்டில் அன்று உப்பு கொஞ்சம் தூக்கலாக விழுந்தது.

மாடியில் வெள்ளைக்குப் பக்கத்தில் குட்டிக்கிழங்குகள் வெடித்திருந்தன. பலநாள் யோசித்து, ஒரு மாலை பெரியவள் படியேறிப் போனாள். கையில் துணிக்கூடை இல்லை. சின்னவள் கதவைத் திறந்ததும் சொன்னாள்.

"ஒரு குட்டி கொடு. கேட்டு வாங்கிக்கறேன்."

சின்னவள் உடனே தரவில்லை. இப்போது பிரித்தால் தாய்க்கிழங்கு சோர்ந்துவிடும், இலை காயட்டும் என்றாள். உண்மையாகவும் இருக்கலாம், காக்கவைக்கவும் இருக்கலாம். பெரியவள் காத்திருந்தாள். கோடையில் சின்னவள் தானே இறங்கிவந்து, பூண்டு அளவில் ஒரு குட்டியைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் வைத்துவிட்டுப் போனாள். இருப்பதிலேயே சின்னது அது.

குட்டி பூக்க மூன்று மழைக்காலம் ஆயிற்று. அதற்குள் இருவரும் ஒரே உரமூட்டையை வாங்கிப் பிரித்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் மேலே எத்தனை தண்டு வந்திருக்கிறது என்று பெரியவள் எண்ணாமல் இறங்கியதில்லை.

கீழே முதல் வெள்ளை விரிந்த அன்று சின்னவள் வேலையிலிருந்து வந்த உடையோடு தொட்டி முன் நின்றாள். ஒரு பூவை மோவாயைத் தூக்குவது போல நிமிர்த்திப் பார்த்தாள்.

"உங்களுது கொஞ்சம் பெருசா இருக்கோ?" என்றாள்.

"அப்படியா? நான் கவனிக்கல," என்றாள் பெரியவள்.

சின்னவள் விறுவிறுவென்று படியேறிப் போனாள். சற்று நேரத்தில் மாடியில் வாளி இழுபடும் சத்தம் கேட்டது. பெரியவள் அடுப்பைப் பற்றவைத்தாள். வாய் தன்னால் ஏதோ பாட்டை முணுமுணுத்தது.