ஏப்ரலில் நின்ற கணினி

பொன்மணி சி.டி.யை இடது கையின் விளிம்பில் ஏந்தி, வலது கட்டைவிரலால் கணினிக்குள் தள்ளினாள். அன்று அது நான்காவது முறை. பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து, முடியப்போகும் இடத்தில் நின்றது. சர்வரோடு சேர முடியவில்லை என்ற அதே அறிவிப்பு வந்தது.

அவளுடைய கைகளை எனக்கு நன்றாகத் தெரியும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து தீப்பற்றியபோது அவளுக்கு இருபது வயது. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் அவளுக்குக் கட்டுப்போட்ட நர்சுகளில் நானும் ஒருத்தி. இடது கையில் மூன்று விரல்கள் ஒட்டிப்போயின. வலது கை விரல்கள் பிழைத்தன. தோல் மட்டும் மெல்லியது, ஒரே இடத்தில் உரசினால் வெடித்துவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் முதலுதவி அறையில் சேர்ந்தேன். அவள் அங்கே எனக்கு முன்பே இருந்தாள். முதலில் தாள் அடுக்கும் பகுதியில் போட்டிருக்கிறார்கள். ஆறே வாரத்தில் கை புண்ணாகி நின்றுவிட்டாள். பிறகு டைப்பிங் படித்துவிட்டு வந்து, அடுத்த வருடத் தினசரித் தாளுக்கு ராகுகாலம், நல்ல நேரம், பண்டிகை விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலையைக் கேட்டு வாங்கினாள்.

2007 ஆகஸ்டு. ஆடிப்பெருக்கு முடிந்து ஆர்டர் குவிந்திருந்த நேரம். எல்லாத் தாள்களின் விவரமும் இருக்கும் சர்வரைப் புதுப்பிக்க மதுரையிலிருந்து ஜெயச்சந்திரன் என்ற இன்ஜினியர் வந்தார். வேலையை முடித்து, மற்றக் கணினிகளில் தாள் புரோகிராமைப் புதிதாகப் போட்டுக்கொள்ளச் சொல்லி சி.டி.யைக் கொடுத்துவிட்டு மதியமே கிளம்பிவிட்டார். பக்கத்து நாற்காலி ஆர்த்தியின் கணினியில் முதல் முறையே ஏறிவிட்டது.

மூன்று மணிக்குச் சின்ன முதலாளி மணிகண்டராஜ் வந்து நின்றார்.

"ஆர்த்தி சிஸ்டம் ஓடுதுல்ல? உன்னது மட்டும் என்ன? எதையாச்சும் நோண்டுனியா?"

"இல்லங்கண்ணாச்சி."

"ஏப்ரல் தாள் நாளைக்கு அச்சுப் பிளேட்டுக்குப் போகணும். காலைல ஓடலேன்னா அம்புட்டையும் ஆர்த்திட்ட குடுத்துட்டு நீ தாள் அடுக்கப் போயிரு."

தாள் அடுக்கப் போனால் இரண்டு மாதம் தாங்காது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சற்று நேரத்தில் என் அறைக்கு வந்தாள். ஆட்காட்டி விரல் வெடித்திருந்தது. நோட்டில் பெயரும் தேதியும் எழுதச் சொன்னேன். 2008 என்று எழுதினாள். எப்போதும் இதே தொல்லை.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டா யாரு பதில் சொல்றது? அடிச்சுட்டு ஒழுங்கா எழுது. அந்த இன்ஜினியருக்கு ஃபோன் போட்டியா?"

"எடுக்க மாட்டேங்கிறாரு சிஸ்டர். திரும்பத் திரும்பக் கூப்பிட ஒரு மாதிரி இருக்கு."

"மாப்பிள்ளை கேக்கவா போற, வெக்கப்பட? போடு."

அவள் கணினிப் பக்கம் இருந்த ஃபோனுக்கு நானும் கூடப் போனேன். ஐந்தாவது தடவை எடுத்தார். அவளுக்கு ஒரு கையில் புதுக் கட்டு, ரிசீவரை அவள் காதில் நான் பிடித்துக்கொண்டேன். அவர் பேசுவது எனக்கும் கேட்டது.

"கேபிள் பார்த்தீங்களா?"

"ஆர்த்தி கேபிளையே மாட்டிப் பார்த்துட்டேன் சார்."

"பழைய புரோகிராமை முழுசா எடுத்தீங்களா?"

"ரெண்டு தடவை எடுத்தாச்சு."

"அப்ப லாக் ஃபைலைத் திறங்க. ஒவ்வொரு தடவை போடும்போதும் என்ன நடந்துச்சுன்னு அதுல எழுதியிருக்கும். இன்னைக்குத் தேதியில பாருங்க."

பார்த்தாள். அன்றைய தேதியில் ஒன்றுகூட இல்லை. கடைசி நான்கு ஃபைல்களிலும் 2008 ஏப்ரல் 23 என்று இருந்தது.

"சார், அப்புறம் கூப்பிடுறேன்" என்று சொல்லி, வைக்கும்படி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

அந்தப் புரோகிராம் திறந்ததும் அன்றைய தேதித் தாளைத்தான் காட்டும். அடுத்த தாளுக்குப் போக ஒரு முறை தட்ட வேண்டும். பட்டனை அழுத்திப் பிடித்தால் அப்படியே உறைந்துவிடும். ஆகஸ்டிலிருந்து அடுத்த ஏப்ரலுக்குப் போவதென்றால் இருநூறு தட்டுக்கு மேல். யு.பி.எஸ். சர்வருக்கு மட்டும்தான்; ஒரு நாளைக்கு நான்கு தடவை கரண்டு போகும், நான்கு தடவையும் முதலிலிருந்து தட்ட வேண்டும். விரல் தாங்காமல், ஜூலைக் கடைசியிலேயே கணினியின் தேதியை ஏப்ரல் தொடக்கத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டாள். பழைய சர்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை. புதியது, தன்னைக் கேட்டு வரும் கணினியின் தேதியையும் நேரத்தையும் ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும்.

"நோண்டலைன்னு சொல்லிட்டேனே சிஸ்டர். நெசமாவே மறந்து போச்சு."

தேதியைச் சரி செய்து சி.டி.யை மறுபடி போட்டாள். பச்சைக் கோடு கடைசிவரை ஓடியது. புரோகிராம் ஆகஸ்டு 22-ஐக் காட்டியது.

"அண்ணாச்சிட்ட சொல்லணுமா?"

"நான் கைக்குத்தான் நர்சு. அதை நீதான் யோசிக்கணும்" என்றேன். "விரலை நனைக்காதே."

மறுநாள் காலை எட்டரைக்கே வந்து மணிகண்டராஜின் அறைக்கு முன் காத்திருந்தாள். அவர் வந்ததும் நின்றபடியே சொன்னாள்.

"அண்ணாச்சி, கோளாறு என் சிஸ்டம் தேதிலதான். நான்தான் மாத்தி வச்சிருந்தேன். இப்பச் சரி பண்ணிட்டேன், ஓடுது."

"நேத்து இல்லேன்ன?"

"மறந்துட்டேன். தட்டித் தட்டிப் போக விரல் தாங்கல அண்ணாச்சி. தேதியை அடிச்சா நேரா அந்தத் தாளுக்குப் போற மாதிரி ஒரு கட்டம் வச்சுத் தரச் சொல்லி இன்ஜினியர் சார்ட்ட நீங்க சொல்லணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கடிதங்களைப் பிரித்தார்.

"சீசன் முடியட்டும், சொல்லலாம். இனி தேதில கை வச்சேன்னா தாள் அடுக்கத்தான் போகணும், பாத்துக்க."

சீசன் முடிய தை பிறக்க வேண்டும்.

அங்கிருந்து நேரே என் அறைக்கு வந்து விரலை நீட்டினாள். பஞ்சை இரண்டு மடிப்பாக வைத்து பிளாஸ்திரி சுற்றினேன். நோட்டில் சரியான தேதியை எழுதினாள். போய் உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். ஒன்பதே காலுக்கு ஏப்ரல் வந்தது. பத்து மணிக்குக் கரண்டு போனது. வந்ததும் ஆகஸ்டிலிருந்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.