அறைவரைக்கும் போன வயர்

எங்கள் வீட்டு டெலிபோனுக்கு வீட்டுக்குள் பேச வராது. எங்கள் ஊர் மடவளையில் மேட்டு வீடுகளுக்கெல்லாம் டெலிபோன் கோபுரம் சிக்னலை அள்ளிக் கொடுத்தது. பள்ளத்தில் இருந்த எங்களுக்குக் கிணற்றுக் கட்டின் மேல் மட்டும்தான் அது வாய்த்தது. அது வயர் இல்லாத சிடிஎம்ஏ போன். பார்வைக்குக் கந்தோரில் கிளாக்கர் மேசையில் இருக்கிற டெலிபோன் மாதிரியே இருக்கும். பின்னால் மட்டும் விரல் நீளத்தில் ஒரு குட்டி அன்டனா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அதைப் பிள்ளைத்தாய்ச்சியைக் கூட்டிப்போவது போலப் பக்குவமாகக் கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டின் மேல் வைப்போம். சவூதியில் வேலை செய்யும் வாப்பா அங்கிருந்து கோல் எடுப்பார்.

மணி அடித்ததும் ஸ்பீக்கரில் போடுவோம். வாப்பாவின் தங்கச்சி, என் மாமி, முதலில் பிடித்துக்கொள்வார். பிறகு பக்கத்து வீட்டார், பள்ளிவாசலிலிருந்து திரும்பும் சொந்தக்காரர்கள், வேலிக்கு அப்பால் உடுப்புக் காயப்போடும் பெண்கள் என்று ஆளுக்கொரு ஸலாம். நான் பரீட்சைப் புள்ளிகளைக் கத்துவேன். கடைசியாக உம்மாவின் முறை வரும்போது வாப்பாவின் டெலிபோன் காட்டில் காசு முடியும் தறுவாயில் இருக்கும்.

"சொகமா ஈக்கிறீங்களா? சாப்பிட்டீங்களா? இங்க எல்லாரும் நல்லம்."

அவ்வளவுதான். எல்லா வெள்ளிக்கிழமையும் அதே பாடம். உம்மாவுக்கு வாப்பாவோடு பேச ஒன்றுமே இல்லை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். எனக்கானால் அந்த வெள்ளிக்கிழமைகள் பெருநாள்தான். ஊரே கூடி நின்று என் புள்ளிகளைக் கேட்பதென்றால் சும்மாவா?

இந்தப் பெருநாளைக் கெடுக்க வந்து சேர்ந்தார் மாமா. உம்மாவின் தம்பி, பல்லேகலயில் ஒரு பெக்டரியில் வேலை. கண்ணில் பட்ட எதையும் கழற்றுவார். திரும்பப் பூட்டினால் கட்டாயம் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். அவர் பழைய டிவி அன்டனாவின் அலுமினியக் குழாய்களை அறுத்து, ஒரு பிளாஸ்டிக் பைப்பில் மீன் முள் போல வரிசையாகப் பூட்டி, "இனி வீட்டுக்குள்ள இருந்து பேசலாம்" என்று அறிவித்தார். கண்டி டவுனுக்குப் போய்ப் பெரிய சுருளாகக் கறுப்பு வயரும், அதன் நுனியில் மாட்டுகிற கனெக்டரும் வாங்கி வந்தார்.

அன்டனா தண்ணீர் டேங்கிக்கு மேலே ஏறியது. போனின் குட்டி அன்டனாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கனெக்டரைத் திருகினார். மரை வழுக்கிக்கொண்டு ஏறியது. சிக்னல் மட்டும் ஒரு கோடுகூட வரவில்லை. மாமா டேங்கிக்கும் போன் வைத்திருந்த முன் ஹோலுக்குமாக ஓடினார். அன்டனாவைக் கோபுரத்துக்குத் திருப்பினார், மலைக்குத் திருப்பினார், கடைசியில் தொழுகைக்கு நிற்கிற கிப்லாப் பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

உம்மா கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அயலாருக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற கண் அது.

"ஏன்டா, போன்லயும் ஓட்டை, இதுலயும் ஓட்டை. ஊசி எங்க?"

விஷயம் அதுதான். நடுவில் முள் உள்ள கனெக்டரும் உண்டு, ஓட்டை உள்ளதும் உண்டு. வெளி மரை இரண்டுக்கும் ஒன்று என்பதால் எதுவும் எதிலும் ஏறிவிடும். ஓட்டையோடு ஓட்டை சேர்ந்தால் உள்ளே ஒன்றையொன்று தொடாது. மாமா தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி டவுனுக்குப் போனார்.

முள் வைத்தது வந்ததும் புதுச் சண்டை ஒன்று வந்தது. மாமி சொன்னார், "மிச்ச வயர வெட்டிட்டு ஹோல்லயே வெய்யி தம்பி. எல்லாருக்கும் பேச லேசு." நியாயமான பேச்சு. வயர் நீள நீளச் சிக்னல் வழியிலேயே கரையும் என்று கடைக்காரர் சொன்னதை மாமாவே எங்களிடம் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் கேட்கவில்லை. சுவரில் துளை போட்டு, வயரை உம்மாவின் அறைக்குள் இழுத்துவிட்டார்.

"அளந்து வாங்கத் தெரியாமப் போச்சு மச்சி. வெட்டினா வீண்தானே?" என்றார் மாமியிடம்.

"அளக்கவும் தெரியாத இஞ்சினியர்!" என்று மாமி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். உம்மா மட்டும் தம்பியை ஒரு பார்வை பார்த்தார்.

கனெக்டரை உம்மாவே பூட்டினார். கறுப்புத் தோலைச் சீவி, உள்ளே இருந்த செம்பு வலையைச் சட்டை ஓரம் மடிப்பது போலப் பின்னால் மடித்தார். வலையின் ஒரு நூல் நடுக்கம்பியில் பட்டாலும் எல்லாம் வீண். அப்படி ஒரு நூல் படத்தான் செய்தது. அதை ஊசி நுனியால் ஒதுக்கினார். முள்ளுக்கு மாமா ஈயம் வைத்தார். திருகியதும் இரண்டு கோடு எழும்பியது. அல்ஹம்துலில்லாஹ், பேச அது போதும்.

அந்த வெள்ளிக்கிழமை மாமி ஸலாம் சொன்னார், நான் புள்ளிகளைக் கத்தினேன். மற்றவர்கள் ஹோலோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தியின் படுக்கையறைக்குள் யார் நுழைவார்? மாமா "வாங்க, வாங்க, டீ ஆறுது" என்று மாமியையும் சேர்த்து எல்லாரையும் வெளியே கூட்டிப்போனார். உம்மா ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ரிசீவரை எடுத்தார். என்னையும் மெல்ல வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கதவில் காதை வைத்தேன். "சொகமா ஈக்கிறீங்களா"வும் வரவில்லை, "சாப்பிட்டீங்களா"வும் வரவில்லை. பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் உம்மா ஏதோ பேசினார். சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே விம்மத் தொடங்கினார்.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். போன் இல்லாமல் வெறுமையாய்க் கிடந்த கிணற்றுக் கட்டின் மேல் மாமா டீக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, உம்மா அழுறா! அந்த நூல் திரும்பப் பட்டிட்டு போல!"

மாமா எழும்பவில்லை. மூடியிருந்த அறை ஜன்னலைப் பார்த்தார்.

"இல்ல மகள். எல்லாம் நல்லாப் பூட்டி ஈக்கு. நீ பெய்த்து விளையாடு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்லாப் பூட்டியிருந்தால் உம்மா ஏன் அழ வேண்டும்? வழக்கம்போல எங்கேயோ ஒரு ஸ்க்ரூவை மிச்சம் வைத்துவிட்டார் மனுசன் என்று நினைத்துக்கொண்டு, டேங்கியடியில் குனிந்து நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.