கூரைப் பனிக்கு அடியில் மூன்று மீன்கள்

டொகியே முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவர். கொதிக்கும் அண்டாவைக்கூட இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லாமல் தானே இறக்கிவிடுவாராம். கணவர் இறந்த பிறகும் அப்படித்தான். பத்தொன்பது வருடமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறேன். அவர் ஒருவரிடமும் உதவி கேட்டு நான் பார்த்ததில்லை.

எங்கள் மலையில் பாதிப் பேருக்கு வண்ணக் கெண்டை வளர்ப்புதான் தொழில். பொட்டு இடம் மாறிய குஞ்சு, வால் கோணிய குஞ்சு எல்லாம் தரம் பிரிக்கும்போதே கழிவு வாளிக்குப் போய்விடும். அப்படிக் கொட்டப் போன வாளியிலிருந்து டொகியே ஒரு தடவை ஏழு குஞ்சுகளை எடுத்து வந்தார். பதினாலு வருடத்தில் மூன்று மிஞ்சின. கோணல் வால், மூக்குப் பொட்டு, சாம்பல். குறையைத்தான் பெயராக வைத்திருந்தார். இப்போது ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம்.

இங்கே வீட்டுக்கு வீடு முன்னால் ஒரு குளம். மலையூற்று குழாய் வழியாக வந்து அதில் விழும். குளிர்காலத்தில் கூரைப் பனியை வெட்டி அதில்தான் தள்ளுவோம், ஊற்றுநீர் கரைத்துவிடும். அதனால் முதல் பனிக்கு முன்பே மீன்களை நிலவறைத் தொட்டிக்கு மாற்றிவிடுவோம். டிசம்பரில் குளத்துக்குள் மீன் கிடக்கும் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றாது.

அந்த வருடம் நவம்பரில், சன்னல்களுக்குப் பனிமறைப்புப் பலகை கட்டும்போது டொகியே ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு மீனைத் தூக்க முடியாது.

"நான் தூக்கறேன், இல்ல ஹெய்ஜியைக் கூப்பிடறேன்" என்றேன். ஹெய்ஜி எங்கள் தெருவில் கெண்டை வளர்ப்பவர்.

"அவருக்கு அவர் மீன் நாலாயிரம் இருக்கு. அடியில ஆழம் இருக்கு, ஊத்துத்தண்ணி விழுது. குளிர்ல அதுங்க சாப்பிடாது, சாப்பாட்டையும் நிறுத்தியாச்சு. அதுங்க பாட்டுக்குத் தூங்கும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் முதல் வேலையாக அந்தக் குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

டிசம்பர் கடைசியில் மாவுக்கட்டைப் பிரிக்க அவரை நான்தான் நகரத்து மருத்துவமனைக்கு வண்டியில் அழைத்துப் போனேன். நாங்கள் திரும்பும்போது அவர் வீட்டுக் கூரை துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஹெய்ஜியும் இன்னும் மூன்று பேரும் மண்வாரியை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள். குளம் இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்குப் பனிமேடு. குழாயின் வாயே தெரியவில்லை.

"கையொடிஞ்ச ஆளு வீட்டுக் கூரையைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா போறது?" என்றார் ஹெய்ஜி. "உங்க குளம் பூராத்தையும் வாங்கிக்கிச்சு."

டொகியே குனிந்து வணங்கினார். "ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன். உள்ள வாங்க, தேநீர் குடிச்சிட்டுப் போங்க."

முள்ளங்கி ஊறுகாய் வந்தது. தேநீர் வந்தது. அவர்கள் யார் வீட்டுக் கூரை அடுத்தது என்று பேசிக்கொண்டார்கள். நான் டொகியேவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பனிக்கு அடியில் மீன்கள் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்? சொல்லிவிடலாம் என்று நான் வாய் திறந்தபோது, அவர் ஊற்றிய தேநீர் கோப்பை வழிந்து மேசையில் ஓடியது.

"ஒண்ணு சொல்லணும்" என்றார், மேசையைத் துடைத்துக்கொண்டே. "மீனை உள்ள எடுக்கல."

"எங்கேர்ந்து?"

"குளத்துலேர்ந்து."

ஹெய்ஜி கோப்பையைக் கீழே வைத்தார். "எத்தனை?"

"மூணு."

"கையொடிஞ்சப்பவே வாயும் ஒடிஞ்சிடுச்சா உங்களுக்கு?" என்று சொல்லும்போதே அவர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தார்.

வெட்டித் தள்ளிய பனியை மறுபடி வெட்டி வெளியே போட்டார்கள். அடியில் இறுகியிருந்த கட்டியை உடைக்க ஒருவர் கடப்பாரையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க" என்று டொகியே கத்தினார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "அந்த அதிர்வே கொன்னுடும். குழாய் வாய்ப் பக்கமா கையால தோண்டுங்க. கதகதப்பு அங்கதான். அங்கதான் கிடக்கும்."

அங்கேதான் கிடந்தன. கோணல் வாலும் மூக்குப் பொட்டும் செவுளை அசைத்தன. சாம்பல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

குளத்துத் தண்ணீரோடு பெரிய தொட்டியில் அள்ளி வாசல் நடையில் வைத்தோம். நான் வெந்நீர்க் கெட்டிலைத் தூக்கி வந்தேன். "இப்ப சூடு காட்டக் கூடாது" என்று டொகியே தடுத்துவிட்டு, தொட்டியருகே மண்டியிட்டு, சாம்பலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். அன்றுதான் கட்டுப் பிரித்த கை. சிறிது நேரத்தில் மற்றக் கையால் அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

"கையை எடுங்க, நான் பிடிக்கறேன்" என்றார் ஹெய்ஜி.

"பரவாயில்ல."

ஹெய்ஜி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். டொகியே கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"வயித்தை அழுத்தாதீங்க. கீழேர்ந்து தாங்குங்க."

"நாலாயிரம் மீன் வளர்க்கறவனுக்குப் பாடமா?"

சாம்பலின் செவுள் ஒரு தடவை திறந்தது. நான் எண்ணினேன். இருபத்தாறில் மறுபடி திறந்தது. பிறகு பதினெட்டில். இருட்டுவதற்குள் அது ஹெய்ஜியின் கையை விட்டு விலகி, தொட்டியின் மூலையில் தானாக நிமிர்ந்து நின்றது.

டொகியே ஈரத்துணியைப் பிழிந்து கம்பியில் போட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்.

"நாளைக்கு இதுங்களை நிலவறைக்கு மாத்தணும். எனக்கு ஒரு ஆள் வேணும். வருவீங்களா?"

"எத்தனை மணிக்கு?" என்றார் ஹெய்ஜி.